கை காட்டாத பள்ளம்

ஜனவரி 12, ஞாயிறு

சைக்கிளில் சீவலப்பேரி போய்த் திரும்பினோம். போகும்போது காற்று முகத்தில், வரும்போதும் முகத்தில். இது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. வழி முழுக்கப் பொங்கலுக்குக் கரும்புக் கட்டு ஏற்றிய வண்டிகள். ஆற்றோரம் மண் சாலை கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கிறது. மெல்லிய டயருக்கு ஆகும்.

இந்த நோட்டில் பாதைகளைத்தான் எழுதுவது வழக்கம். எந்தச் சாலையில் லாரி வராது, எந்த ஊரில் நாய் துரத்தும், எந்த மாதம் எங்கே நெல்லை ரோட்டில் காயப்போடுவார்கள், எந்தக் கடை டீயை வாயில் வைக்கலாம். எல்லாம் மார்ச் மாதத்துக்காக. பாபநாசத்தில் மலையடியில் தொடங்கி, தாமிரபரணியை விடாமல், பெரிய ரோட்டில் ஏறாமல், வாய்க்கால் கரையும் ஊர்ச் சாலையுமாகப் புன்னைக்காயலில் கடலைத் தொட வேண்டும். பாதை போடுவது நான். பள்ளிக்கூடத்தில் இருநூறு பெண்பிள்ளைகளை ஒரே விசிலில் வரிசையில் நிறுத்துகிற பி.டி. டீச்சருக்கு ஆறு சைக்கிளை வரிசையில் ஓட்டிப்போவது பெரிய காரியமா?

இன்று எல்லோரையும் நிறுத்தி மறுபடியும் சொன்னேன். வரிசையில் போகும்போது பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும், ரோடு தெரியாது. அதனால் முதலில் போகிறவர் பள்ளத்தைக் கண்டதும் இடதுகையைத் தொங்கவிட்டு விரலால் காட்ட வேண்டும். இரண்டாவது ஆள் அதைப் பார்த்து மூன்றாவது ஆளுக்கு, மூன்றாவது நான்காவதுக்கு. ஒருவர் விட்டால் போச்சு, அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் குருடர்கள்.

மொபைல் கடை பீர் முகமது, "டீச்சர், இத நாங்க தூக்கத்துலயும் சொல்லுவோம்" என்றான். சொல்லட்டும்.

எப்போதும்போல முதலில் போனது சங்கரலிங்கம் அண்ணாச்சி. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை என்று மெடல் கொடுத்திருக்கிறார்கள். அவர் முன்னால் போனால் ரோட்டைப் பற்றிய கவலை நமக்கு இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ஆவுடை சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. உடம்பெல்லாம் சிராய்ப்பு. வேறு ஒன்றும் எழுத ஓடவில்லை.

ஜனவரி 20, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்தால் நல்லது.

நேற்று ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் வழியைப் பார்க்கப் போனோம். மார்ச் பயணத்தின் கடைசிப் பகுதி அதுதான். முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில் ரோடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழை, இந்தப் பக்கம் நெல், நடுவில் வாய்க்கால். வெள்ளம் அரித்த கரை இன்னும் சில இடங்களில் பல்லைக் காட்டுகிறது. மற்றபடி, லாரி இல்லை, ஹார்ன் இல்லை, கொக்குகள் மட்டும்தான். இந்தப் பாதையை நான் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஸ்ரீவைகுண்டத்தில் டீ குடித்தோம். ஆவுடை என்னை ஏதோ கேலி செய்தாள், எல்லோரும் சிரித்தோம். பிறகு கிளம்பினோம். அண்ணாச்சி முதலில், நான் அடுத்து, எனக்குப் பின்னால் ஆவுடை. பீரும் மற்ற இரண்டு பேரும் ஒரு ஆட்டு மந்தையில் மாட்டிக்கொண்டு பின்தங்கிவிட்டார்கள். வாய்க்கால் மதகு தாண்டியதும் குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று. மழைத்தண்ணீர் நிரம்பியிருந்ததால் சும்மா தேங்கின தண்ணீர் போலத்தான் தெரிந்தது. அண்ணாச்சி ஒதுங்கினார். நான் ஒதுங்கினேன். பின்னால் சத்தம் கேட்டது.

ஆவுடை என் பின்சக்கரத்தை ஒட்டித்தான் வருவாள். நூறு தடவை சொல்லியிருக்கிறேன், தள்ளி வா, தள்ளி வா என்று. கேட்டால்தானே.

ஜனவரி 21, செவ்வாய்

ஆவுடையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. அவளோ இட்லி மாவு ஆட்டிக் கடைகளுக்குப் பாக்கெட் போடுகிறவள். புருஷன் போன பிறகு அந்தக் கிரைண்டரை வைத்துத்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறாள். சைக்கிள் ஓட்ட அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். முதலில் மாவு போடப் போக ஓட்டினாள். அப்புறம் என்னைவிட நன்றாக ஓட்டினாள்.

எல்லோரும் போய்ப் பார்த்தோம். அண்ணாச்சி கதவோரம் நின்றார், உள்ளே வரவில்லை. பீர்தான் பேச்சை எடுத்தான்.

"ஆவுடையக்கா, உங்களுக்குக் கை காட்டலியா?"

"ஒண்ணும் வரல தம்பி. டீச்சர் கையையே பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். வந்திருந்தா நான் ஒதுங்கியிருக்க மாட்டனா?"

"டீச்சர் ஒரு கல்லக்கூட விடமாட்டாவளே" என்றான் பீர். பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி உங்களுக்குக் காட்டினாவளா டீச்சர்?"

"நான் பாக்கலியே" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அண்ணாச்சி காட்டவில்லை என்று நான் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன். அந்த இடத்தில் ஒரே புழுதி, கண்ணுக்கு நேரே வெயில்.

அண்ணாச்சி, "காட்டுனேன்னுதான் நெனச்சேன்" என்றார், யாரிடமோ சொல்வது போல. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 22, புதன்

விடிகாலையில் ஆவுடை வீட்டுக்குப் போய் மாவு ஆட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். இனி தினமும் போவதாக இருக்கிறேன். உளுந்து பொங்கிப் பொங்கி வருகிறது, எனக்குப் பதமே தெரியவில்லை. ஆவுடை நாற்காலியில் உட்கார்ந்து, "தண்ணி தெளிங்க டீச்சர், ஊத்தாதிய" என்று எனக்கு விசில் ஊதாத குறையாக உத்தரவு போட்டாள்.

ஜனவரி 23, வியாழன்

குரூப்பில் அண்ணாச்சி ஒரு செய்தி போட்டிருக்கிறார். அவருக்குத் தமிழில் தட்டச்சு செய்ய வராது, பேத்தியை விட்டு அடிக்கச் சொல்லியிருப்பார். "என் கவனக்குறைவால் தங்கச்சி ஆவுடைக்கு இப்படி ஆகிவிட்டது. எல்லோரும் மன்னிக்கவும்."

கீழே எல்லோரும் பரவாயில்லை, வயசானால் சகஜம் என்று போட்டிருந்தார்கள். வயசானால் சகஜமாம். நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மூன்று பேராகக் கிருஷ்ணாபுரம் வரை போய் வந்தோம். அண்ணாச்சி வரவில்லை. முதலில் நான் போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும், பள்ளம் இல்லாத இடத்துக்கும்கூடக் கை காட்டினேன். பீர், "டீச்சர், அது நெழலு" என்றான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஓட்டவில்லை. காலை ஆராதனைக்குப் போனேன். சைக்கிள் பிடித்ததிலிருந்து சாயங்கால ஆராதனைதான் எனக்கு, சர்ச் ஐயரே ஆச்சரியப்பட்டு, "என்ன டீச்சர், டயர் பஞ்சரா?" என்று கேட்டார். எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது பற்றி ஒரு இடம் வரும். சரியாக அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

மாவு இப்போது ஓரளவு பதமாக வருகிறது. கடைக்காரர் ஒருவர், "ஆவுடை மாவுதான், ஆனா கொஞ்சம் கண்டிப்பா இருக்கு" என்றாராம். ஆவுடை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் விலா வலிக்கிறது அவளுக்கு, இருந்தும் சிரிக்கிறாள்.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எந்தப் புண்ணியவாட்டி வயித்துல பொறந்தியளோ" என்றாள். கையை எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தனியாக ஓட்டினேன். எங்காவது போகலாம் என்று கிளம்பி, போய் நின்றது அந்த மதகில்தான். பள்ளத்தை மூடியிருக்கிறார்கள். புதுத் தார் கறுப்பாக ஒரு ஒட்டுப்போட்டது மாதிரி இருக்கிறது.

அங்கே நின்று பார்த்தேன். அந்த நேரத்துக்குச் சூரியன் வலது தோளுக்கு மேலே நிற்கிறது. கண்ணுக்கு நேரே இல்லை. புழுதி என்று வேறு எழுதியிருக்கிறேன். முந்தின ராத்திரி மழை பெய்த ரோட்டில் புழுதி எங்கிருந்து வரும்? எனக்கே தெரிகிறது, நான் எழுதியதை நானே திருத்த வேண்டும் என்று. எதிரே சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள், அதைப் பற்றிக் குறித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பள்ளியில் விளையாட்டு விழா. ரிலே ஓட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கட்டையைக் கீழே போட்டுவிட்டாள். முன்னால் ஓடின பிள்ளை கொடுக்கத் தெரியாமல் கொடுத்தாள் என்று இவள், வாங்கத் தெரியாமல் வாங்கினாள் என்று அவள். இரண்டு பேரையும் நிறுத்தி, "யார் தப்போ அவ ஒத்துக்கிட்டா முடிஞ்சுபோச்சு, இதுல என்ன இருக்கு" என்று மைக்கில் கேட்கிற மாதிரிக் கத்தினேன். ஊருக்குத்தான் உபதேசம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அண்ணாச்சி வீட்டு மதினி போன் செய்தாள். பேச்சியம்மாள் மதினி சாதாரணமாகப் போன் செய்கிறவள் இல்லை.

"எம்மா பியூலா, நீ ஒருக்கா வந்து அவியகிட்ட பேசேன். நீ சொன்னா கேப்பாவ."

"என்ன மதினி?"

"கேஸ மூடுனேனா, மூடுனேனான்னு ராத்திரில எந்திச்சு எந்திச்சுப் போறாவ. கதவப் பூட்டிட்டுப் பொறவும் போய் இழுத்துப் பாக்காவ. கண்ணு டாக்டர்ட்ட போனோம், கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு. அப்பம் மண்டைலதான் கோளாறுங்காவ. அவிய அப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுதாம். கடைசில பெத்த பிள்ளயவே யாருன்னு கேட்டாவல்லா. அத நெனச்சுப் பயந்து கெடக்காவ. சைக்கிள வித்துப்போடுன்னு சொல்லிட்டாவ."

நாளை வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

போனேன். அண்ணாச்சி முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்குகிறவனுக்குச் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமாம்.

"எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்? ஒரு பள்ளம், அவ்வளவுதான."

"பள்ளம் பெருசில்ல எம்மா. நான் காட்டுனேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, பாத்துக்க. கைய எறக்குனது, வெரல நீட்டுனது எல்லாம் அப்படியே கண்ணுக்குள்ள இருக்கு. ஆனா நான் காட்டல. நடக்காத ஒண்ணு நடந்த மாதிரி ஞாபகம் இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்? அதான் எனக்குப் பயமா இருக்கு."

மதினி காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தேன். 'நீங்கள் காட்டினீர்கள் அண்ணாச்சி' என்று சொல்ல ஒரு நொடி போதும். காப்பியில் சர்க்கரை கூடுதல் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் நாக்கை அறுத்துப்போட்டால் என்ன?

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது எழுதாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

ஸ்ரீவைகுண்டம் டீக்கடையில் ஆவுடை சொன்னது இதுதான்: "டீச்சர் பின்னால போனா நல்லது, காத்தும் படாது, தூக்கமும் வரும். இப்பம்லாம் மாட்டுவண்டி மாதிரிதான போறாவ." எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். நானும் சிரித்தேன். நாற்பத்தேழு வயது, கல்யாணம் கட்டவில்லை, பிள்ளை குட்டி இல்லை. எனக்கென்று இருந்தது இந்த வேகம் ஒன்றுதான். அதையும் நான் சொல்லிக்கொடுத்தவளே எடுத்துக்கொண்டு போகிறாளே என்று வயிறு எரிந்தது.

கிளம்பியதும் வழக்கம்போல என் சக்கரத்தை ஒட்டி வந்து உட்கார்ந்துகொண்டாள். காற்றெல்லாம் எனக்கு, சொகுசெல்லாம் அவளுக்கு. மதகு தாண்டியதும் அண்ணாச்சி இடதுகையை இறக்கி விரலை நீட்டினார். தெளிவாகப் பார்த்தேன். தண்ணீர் தேங்கிய சின்னக் குழி என்றுதான் நினைத்தேன். என் கை பழக்கத்தில் கைப்பிடியை விட்டு எழுந்தது. நான்தான் அதைத் திரும்பக் கைப்பிடியில் வைத்தேன். ஒரு குலுக்கு குலுக்கட்டும், மாட்டுவண்டிக்குப் பின்னால் வருகிறவள் ரோட்டையும் கொஞ்சம் பார்த்து வரட்டும் என்று நினைத்தேன்.

அவள் விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் கையை வைத்தது நான்.

பிப்ரவரி 27, வியாழன்

மாவு புளித்துவிட்டது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஃபிரிட்ஜ் ஓடவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஊறப்போட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஆவுடைக்கு நேற்றுக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை குச்சியாக இருக்கிறது. இன்று சாயங்காலம் எல்லோரும் அவள் வீட்டில் கூடினோம், அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைப் பேசி முடிப்பதற்கு. நான் கெஞ்சிக் கூப்பிட்டதால் அண்ணாச்சியும் மதினியும் வந்தார்கள். சைக்கிளை இன்னும் விற்கவில்லையாம். ஆவுடையால் ஓட்ட முடியாது. வேன் பிடித்து இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்துக்கொண்டு புன்னைக்காயலில் காத்திருப்பதாகச் சொன்னாள்.

எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடக் குரலில்தான் வந்தது, வேறு குரல் எனக்கு இல்லை.

"அன்னைக்கு அண்ணாச்சி கை காட்டினாங்க. நான் பார்த்தேன். நான்தான் ஆவுடைக்குக் காட்டல. தப்பு என்னுது."

ஆவுடை அழ ஆரம்பித்தாள்.

"பாத்தியளா அண்ணாச்சி, உங்க மனசு ஆறணும்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுதாவ. இப்பிடி ஒரு மனுஷிய நான் பாத்ததில்ல."

"இல்ல ஆவுடை, நெசமாத்தான் சொல்றேன்."

"போதும் டீச்சர்" என்றான் பீர். "நீங்க நெழலுக்கே கை காட்டுத ஆளு."

அண்ணாச்சி கைகூப்பினார். "எம்மா, வேண்டாம். எனக்காவ நீ பொய் சொல்லாத. அதுக்குமேல என்னால தாங்க முடியாது. உன் மனசுக்காவ ஞாயித்துக்கெழம வாரேன். ஆனா முன்னால போவமாட்டேன். கடைசியில, என் பாட்டுக்கு வாரேன்."

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள்.

ஏன் காட்டவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு, நிம்மதியாகத்தான் இருந்தது. சொல்லியும் ஆயிற்று, பேரும் கெடவில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

உபவாசம் இருந்தேன். பசித்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நடந்ததைத் தூங்குமுன் எழுதிவிட வேண்டும்.

பாபநாசத்தில் இருட்டோடு கிளம்பினோம். ஆறு அங்கே பாறைகளுக்கு நடுவே சலசலவென்று போகிறது, சின்னப் பிள்ளை மாதிரி. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி. நான் போட்ட பாதை என்னை ஏமாற்றவில்லை. வாய்க்கால் கரையில் புளிய மர நிழல், மருத மர நிழல், ஆற்றில் குளிக்கிறவர்கள், அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள். ஓர் இடத்தில் ரோடு முழுக்க நெல்லைப் பரப்பியிருந்தார்கள். இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்தோம். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா, "பெட்ரோலு இல்லாத வண்டிய வாங்கிட்டுப் பொறவு அதையும் சுமக்குதியளே" என்றாள்.

ஆதிச்சநல்லூர் மேட்டைத் தாண்டினோம். மண்ணுக்குள்ளே தாழி தாழியாக எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிற இடம். மதகையும் தாண்டினோம். கறுப்பு ஒட்டின்மேல் என் சக்கரம் ஏறி இறங்கியது. நான் கை காட்டவில்லை, அங்கே காட்ட ஒன்றும் இல்லை.

முதலில் நான், நடுவில் பீரும் மற்றவர்களும், கடைசியில் அண்ணாச்சி. ஏரல் தாண்டிக் கொற்கைக்குத் திரும்பியதும் ரோடு படுமோசம். ஒரு காலத்தில் கப்பல் வந்து நின்ற ஊராம். கடல் கோபித்துக்கொண்டு மைல் கணக்கில் தள்ளிப்போய்விட்டது, இப்போது வாழைத்தோப்பும் குளமும்தான். பீரையும் மற்றவர்களையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு, அண்ணாச்சிக்காகக் குளத்தங்கரை வளைவில் ஒரு பனைமரத்தடியில் நின்றேன். ஆள் களைத்துப்போயிருப்பார் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

தூரத்தில் தனியாக வந்தார். அவருக்குப் பின்னால் ஒருத்தரும் இல்லை, ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. முதல் பள்ளம் வந்தது. அவருடைய இடதுகை இறங்கியது, விரல் நீண்டது. பள்ளத்தைத் தாண்டியதும் கை திரும்பக் கைப்பிடிக்குப் போனது. அடுத்த பள்ளத்துக்கும் அப்படியே. அதற்கடுத்து சரளை கிடந்த இடத்தில் உள்ளங்கையை விரித்து ஆட்டினார், சரளைக்கு அப்படித்தான் ஆட்ட வேண்டும். அவர் முகம் எங்கேயோ இருந்தது. கை மட்டும் ஒன்றையும் விடாமல் காட்டிக்கொண்டே வந்தது. எப்போதும் அவர் முதலில் போகிறவர். கடைசியில் வந்து நான் பார்த்ததே இல்லை.

ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஊரே என்னைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறது. சொன்னேனா, சொல்லிவிட்டேன், நம்பாதது அவர்கள் பாடு. இப்படியெல்லாம் அந்த நேரத்திலும் என் புத்தி போனது என்பதை எழுதி வைக்கிறேன்.

அவர் வந்து இறங்கினார்.

"அண்ணாச்சி, யாருக்குக் கை காட்டிட்டு வந்திய?"

"என்ன கை?"

"பள்ளத்துக்கு. பின்னால யாரும் இல்லையே."

திரும்பிப் பார்த்தார். ஒரு ஆடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. பிறகு தன் இடதுகையைத் தூக்கிப் பார்த்தார், யாருடைய கையோ என்பது போல.

"நான் காட்டுனேனா?"

"அந்த வாழைத்தோப்புலருந்து ஒண்ணுவிடாம காட்டிட்டுத்தான் வந்திய. உங்களுக்கே தெரியல."

சைக்கிளைப் பனைமரத்தில் சாய்த்தார். பக்கத்திலிருந்த சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் மெதுவாக உட்கார்ந்தார். வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசுக்குள் எது எதற்குப் பின்னால் வருகிறது என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"அப்பம் அன்னைக்கும் காட்டியிருப்பேன்."

"காட்டினிய அண்ணாச்சி."

"அன்னைக்கு நீ எந்திச்சு நின்னு சொன்னது..."

"நெசம்."

"என் கையப் பாத்த?"

"பாத்தேன்."

"பொறவு நீ ஏன் காட்டல?"

இந்தக் கேள்வியைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. சொன்னேன். டீக்கடை, மாட்டுவண்டி, வயிற்றெரிச்சல், எழுந்த கையைத் திரும்ப வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். பீர் கேட்டபோது பார்க்கவில்லை என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ராத்திரி ராத்திரி எந்திச்சு அடுப்படிக்குப் போனேன் எம்மா" என்றார். "எங்க அப்பா மாதிரி நானும் உங்க மதினிய யாருன்னு கேட்டுருவேனோன்னு, அவ தூங்கும்போது அவ மொகத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்."

அண்ணாச்சி என்று ஏதோ ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஆவுடைகிட்ட நீயே சொல்லு. இப்பவே சொல்லு. நான் பக்கத்துல நிக்க மாட்டேன்." எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "முன்னால நான் போறேன்."

புன்னைக்காயலில் ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் வேன் நின்றது. பீரும் மற்றவர்களும் தண்ணீரில் இறங்கிப் பிள்ளைகள் மாதிரிக் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடை இடதுகையால் இலையில் இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னேன். இந்தத் தடவை ஏன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வலது மணிக்கட்டை இடதுகையால் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தெனமும் வந்து மாவு ஆட்டுனது இதுக்குத்தானா டீச்சர்?"

"முதல்ல இதுக்குத்தான்."

"நாளையிலருந்து வராதிய."

திரும்பிப் போய் எல்லோருக்கும் இட்லி வைத்தாள். எனக்கும் ஒரு இலை வைத்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஆவுடை மாவு. உப்புக் காற்றில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். கொற்கையிலிருந்து முக்காணி, ஆத்தூர் வழியாகக் கடல் வரை அண்ணாச்சி முன்னால் போனார், நான் மட்டும் பின்னால். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்து போகிற சின்னச் சாலை, பாதை போட்டபோது நான் ஆசை ஆசையாகக் குறித்து வைத்திருந்த இடம், பச்சை வாசனையாக இருந்தது. அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பள்ளம் வந்த இடத்திலெல்லாம் கையை இறக்கி விரலை நீட்டினார். இப்போது அவருக்குத் தெரிந்தே காட்டினார். பின்னால் நான் ஒருத்திதான் இருந்தேன்.